பினாங்குத் தீவு ஜார்ஜ்டவுனில் ஒரு நாள்: கார் இல்லாம, அம்மாவோட

கேள்வி: ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் காலை ரயில். அம்மாவுக்கு வெயில் ஆகாது. எங்கே சுத்தலாம், எதைச் சாப்பிடலாம்?

பதில் 1: ரயிலடி பக்கத்திலேயே ஃபெரி. அக்கரையில் இறங்கினா கொம்தார் உயரக் கட்டடம் வரை 'கேட்' (CAT)ங்கிற இலவச பஸ். முதல்ல குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில், 1833ல கட்டினது. மதியம் நடை சாத்திடுவாங்க. அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கிட்டத்தான். அஞ்சடியிலேயே, அதாவது கடைகள் முன்னால இருக்கிற கூரை போட்ட நடைபாதையிலேயே, நடந்தா நிழல். ஆனா மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியடைச்சா ரோட்டுல இறங்கணும், அம்மா கையைப் பிடிச்சுக்குங்க.

பதில் 2: நாசி கண்டார்ல, அதாவது தமிழ் முஸ்லிம் கடைச் சோறு-கறியில, சோறு, ஒரு கறி, வெண்டைக்காய், மேலே 'கூவா சம்போர்'ங்கிற கலவைக் குழம்பு. நாலஞ்சு குழம்பும் கலந்து ஊத்துவாங்க, ருசியே அதுலதான். பெரிய இறால், மீன்முட்டை தொட்டா பில் எகிறும். தட்டுல வைக்குமுன்னே விலை கேளுங்க.

பதில் 3: அம்மா சைவம்னா லிட்டில் இந்தியாவுல வாழை இலைச் சாப்பாடு. பினாங்கு ரோட்டுச் சந்துல செண்டோல் (தேங்காய்ப்பால், பனைவெல்லம், ஐஸ் சேர்ந்த இனிப்பு) மதியத்துக்கு மேல. வரிசை நீளம், பெரும்பாலும் நின்னுக்கிட்டேதான் குடிப்பாங்க.