பெரிய வீடு குழு: ஜோகோவிச்சும் சித்தப்பா கெண்டைக்காலும்

6 செப்டம்பர் 2025, சனி

[காலை 6:04] பெரியப்பா: அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் அரையிறுதி. ஜோகோவிச்சை அல்காரஸ் ஜெயிச்சுட்டான். 6-4, 7-6, 6-2. தூங்காம உக்காந்து பார்த்தேன். ரெண்டு செட் வரைக்கும் ஆட்டம். மூணாவது செட் சும்மா சம்பிரதாயம்.

[6:05] பெரியப்பா: ஜோகோவிச்சுக்கு 38 ஆச்சு. இனிமே கிராண்ட் ஸ்லாம், அதான் அந்த நாலு பெரிய போட்டி, அந்தக் கனவு வேணாம். மரியாதையா விலகிக்கணும்.

[6:31] சித்தப்பா: அண்ணா, விடிஞ்சும் விடியாம ஆரம்பிச்சிட்டீங்களா. இந்த வருஷம் நாலு கிராண்ட் ஸ்லாம்லயும் அரையிறுதிக்கு வந்தது ரெண்டே பேரு. ஒண்ணு சின்னர், இன்னொண்ணு இந்தக் கிழவன். அல்காரஸாலயே அது முடியல. ஆஸ்திரேலியாவுல கால் இறுதியிலயே வீட்டுக்கு அனுப்பினாங்க. அனுப்பினது யாரு?

[6:32] சித்தப்பா: இன்னொண்ணும் கேளுங்க. அல்காரஸ் பொறந்தது 2003. ஜோகோவிச் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்ததும் 2003.

[6:33] அப்பா: 👍

[6:40] சித்தி: இவரு ஏன் இவ்வளவு சுறுசுறுப்பா பதில் போடறாருன்னு யாராவது கேளுங்களேன். சோபாவுல காலை நீட்டிட்டு உக்காந்திருக்காரு. கெண்டைக்கால்ல ஐஸ் பை.

[6:40] சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6:41] தங்கச்சி: என்னாச்சு சித்தப்பா??

[6:43] சித்தி: நேத்து சாயங்காலம் ஆபீஸ் பசங்களோட ஷட்டில். 45 வயசுல, வலைக்கிட்ட விழுந்த டிராப்பை எடுக்கப் பாஞ்சாராம். பின்னாடியிருந்து யாரோ மட்டையால கால்ல அடிச்ச மாதிரி இருந்துச்சாம். திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல.

[6:44] அத்தை: டேய். அது விளையாட்டு இல்ல. உடனே குப்புறப் படு. அவளைக் கெண்டைச் சதையை அமுக்கச் சொல்லு. அமுக்கும்போது பாதம் தானா கீழ நீளுதா பாரு.

[6:52] சித்தி: நீளுது அண்ணி. நல்ல கால் அளவுக்கு நீளுது. ஆனா ஆள் கத்தறாரு.

[6:53] அத்தை: கத்தட்டும். குதிகால் நார் அறுந்திருக்காதுன்னு நினைக்கிறேன், சதை கிழிஞ்சிருக்கும். எதுக்கும் இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அதுவரைக்கும் அவன் நடக்கக் கூடாது.

[6:54] பெரியப்பா: நான் ஜோகோவிச்சைத்தான் சொன்னேன். உன்னைச் சொல்லலடா.

[6:55] சித்தப்பா: சொன்னது ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்னு புரியுது அண்ணா

[7:20] தங்கச்சி: அத்தை, இது வயசாலயா, இல்ல வார்ம் அப் பண்ணாம இறங்கினதாலயா?

[7:26] அத்தை: (குரல் பதிவு, 2:10)

[7:41] நான்: அத்தை பின்னாடி மிக்சி சத்தத்துல பேசியிருக்காங்க. கேக்க முடியாதவங்களுக்காக டைப் பண்றேன்:

"ரெண்டும்தான். வயசு ஏற ஏற முதல்ல அடி வாங்கறது டக்குனு சுருங்கற தசை நார்கள். பாயறது, குதிக்கறது, திடீர்னு திரும்பறது எல்லாம் அதோட வேலை. இதயம் அதிகபட்சமா எவ்வளவு துடிக்கும்ங்கறதும் குறைஞ்சுட்டே வரும். அதை எந்தப் பயிற்சியாலயும் நிறுத்த முடியாது. ஆனா நிறைய பேரு தப்பா நினைக்கறது ஒண்ணு இருக்கு. வயசான ஆட்டக்காரனுக்குத் திறமை போயிடறதில்ல. எதிராளி தோள் திரும்பறதை வச்சே பந்து எங்க வரும்னு கண்டுபிடிக்கறது வயசோட கூடத்தான் செய்யும். போறது மறுநாள். என்கிட்ட சிகிச்சைக்கு வர்ற பழைய ஆட்டக்காரங்க யாரும் 'அடிக்க முடியல'ன்னு சொன்னதில்ல. 'அடுத்த நாள் எந்திரிக்க முடியல'ன்னுதான் சொல்லுவாங்க."

[7:43] நான்: இதைக் கேட்டதும் எனக்கு இந்த வருஷ ஆஸ்திரேலிய ஓப்பன்தான் ஞாபகம் வந்துச்சு. அல்காரஸோட ஆடும்போது முதல் செட்லயே ஜோகோவிச்சுக்குத் தொடை பிடிச்சிருச்சு. கட்டுப் போட்டுட்டு வந்து நாலு செட்ல ஜெயிச்சான். மூணு நாள் கழிச்சு ஸ்வெரெவோட அரையிறுதி. முதல் செட் டைபிரேக்ல போச்சு. நேரா வலைக்குப் போய் கை கொடுத்துட்டு பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். தசை கிழிஞ்சிருந்துச்சு.

[7:45] பெரியப்பா: அப்போ நான் சொன்னதுதானே சரி? அஞ்சு செட் ஆட்டம், ரெண்டு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு வாரம். அவன் இன்னைக்கு யாரையும் ஜெயிப்பான். ஆனா கடைசி ரெண்டு மேட்ச்ல சின்னர், அல்காரஸ் ரெண்டு பேரையும் வரிசையா ஜெயிக்கணுமே. அவனே இன்னைக்கு ஏறக்குறைய அதைத்தான் சொன்னான்.

[7:50] தங்கச்சி: பெரியப்பா, ஒரே அடியா எல்லாருக்கும் சேத்து எழுதாதீங்க. எங்க காலேஜ் டிராக்ல 24 வயசு அக்கா ஒருத்தங்க ஓடறாங்க. அவங்களைப் 'பாட்டி'ன்னு கூப்பிடறாங்க. எனக்குப் பத்திட்டு வரும். ஜமைக்கா ஓட்டக்காரி ஷெல்லி ஆன் ஃப்ரேசர் பிரைஸ் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினது 2008ல, 21 வயசு. அவங்க வாழ்க்கையிலேயே வேகமா 100 மீட்டர் ஓடினது எப்போ தெரியுமா? 2021ல. 10.60 செகண்ட். வயசு 34, ஒரு பிள்ளைக்கு அம்மா. அடுத்த வருஷம் 35ல மறுபடி உலக சாம்பியன்.

[7:51] தங்கச்சி: அத்தை, டக்குனு சுருங்கற நார் போயிடும்னு சொன்னீங்க. அவங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?

[7:58] அத்தை: நல்ல கேள்வி. முழு பதில் என்கிட்டயும் இல்ல. ஸ்டார்ட்ல அவங்களை மிஞ்ச ஆளில்ல. வயசு ஒரு பக்கம் எடுத்ததை, நுணுக்கம் இன்னொரு பக்கம் திருப்பிக் கொடுத்திருக்கும். இன்னொண்ணு, 100 மீட்டர் ஓட்டத்துல 11 செகண்ட்ல வேலை முடிஞ்சுது. ஆனா பெரிய போட்டிகள்ல சுற்று சுற்றா ஓடணும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல என்ன ஆச்சு?

[7:59] தங்கச்சி: அரையிறுதி ஓடாமலே விலகிட்டாங்க 😔

[8:02] அத்தை: அதேதான்.

[8:10] பெரியப்பா: ஜார்ஜ் ஃபோர்மேன் கதை தெரியுமா உங்களுக்கு? 1994 நவம்பர். நான் வேலையில சேந்த புதுசு. ஃபோர்மேனுக்கு 45 வயசு, எதிராளி மைக்கேல் மூரருக்கு 26. இருபது வருஷம் முன்னாடி முகமது அலிகிட்ட தோத்தப்போ போட்டிருந்த அதே அரைக்கால் சட்டையைப் போட்டுட்டு வந்தாரு. ஒன்பது ரவுண்டு வாங்கோ வாங்குன்னு வாங்கினாரு. புள்ளியில பின்னாடி. பத்தாவது ரவுண்டுல வலது கையால சின்னதா ஒரு குத்து. பெருசா ஓங்கக்கூட இல்ல. மூரர் எந்திரிக்கல. ஹெவிவெயிட் உலகப் பட்டம்!

[8:11] நான்: பெரியப்பா, நீங்க எந்தக் கட்சி? 😂

[8:13] பெரியப்பா: குத்துச்சண்டை வேற சாதிடா. அங்க ஒரு குத்து சரியா விழுந்தா கதை முடிஞ்சுது. டென்னிஸ்ல எவ்வளவு அழகா அடிச்சாலும் ஒரு பாயிண்ட்தான். அடுத்த பாயிண்டுக்கு மறுபடி ஓடணும்.

[8:20] சித்தப்பா: அப்போ போபண்ணாவுக்கு என்ன சொல்றீங்க? 2024 ஜனவரி, 43 வயசுல ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம். வாழ்க்கையில முதல் தடவையா உலக நம்பர் 1 ஆனதும் அப்போதான். மூட்டுல குருத்தெலும்பு தேஞ்சே போயிருச்சு. அய்யங்கார் யோகா பண்ணித்தான் நின்னாரு.

[8:22] தங்கச்சி: இரட்டையர்ல பாதி கோர்ட்டுதானே ஓடணும் சித்தப்பா

[8:23] சித்தப்பா: பாதி கோர்ட்டுதான். ஆனா பந்து பாதி நேரத்துல திரும்பி வரும் கண்ணு

[8:25] சித்தி: ஸ்கேனுக்குக் கிளம்பறோம். போனை வைங்க.

[8:26] சித்தப்பா: ஒரே ஒரு வார்த்தை. தோனி.

[8:26] நான்: போச்சு. இனி மத்தியானம் வரைக்கும் ஓடும்.

[8:30] பெரியப்பா: 2023ல ஐபிஎல் கோப்பை, அப்போ 41 வயசு. ஒத்துக்கறேன். பைனல் முடிஞ்ச சில நாள்லயே மூட்டுல அறுவை சிகிச்சை. 2025ல ஒரு மேட்ச்ல ஒன்பதாவது ஆளா இறங்கினாரு. பத்து ஓவர் ஓடி ஆட மூட்டு தாங்காதுன்னு கோச் ஃபிளெமிங்கே வெளிப்படையா சொல்லியாச்சு. ஆளுக்காக அணி வளைஞ்சா அது உச்சமா?

[8:34] நான்: ஆனா அதே சீசன் முதல் மேட்ச்ல சூர்யகுமாரை ஸ்டம்பிங் பண்ணினதை ஸ்லோ மோஷன்ல பாருங்க பெரியப்பா. பந்து கையுறைக்கு வந்ததும் தெரியாது, பெயில்ஸ் பறந்ததும் தெரியாது. கை எங்கயும் போகல. போனது காலு.

[8:36] அத்தை: இதைத்தான் நான் ரெண்டு நிமிஷம் பேசினேன்.

[8:50] நான்: எனக்கு வேற ஒரு உறுத்தல். ஆண்டி மர்ரே பொறந்தது 1987 மே 15. ஜோகோவிச் மே 22. ஒரே வாரம் வித்தியாசம். சின்ன வயசுலேர்ந்து எதிரெதிரா ஆடி வளந்தவங்க. ஒருத்தருக்கு 2019லயே இடுப்புல உலோகம் வச்சாங்க, போன வருஷம் ஓய்வு. இன்னொருத்தர் நேத்து அரையிறுதி. உழைப்புல மர்ரே குறைஞ்சவரா? நடால் குறைஞ்சவரா? நின்னவங்களை மட்டும் பார்த்துட்டு 'மனசு வச்சா முடியும்'னு பேசறோம். விழுந்தவங்களும் மனசு வச்சவங்கதான்.

[9:15] அப்பா: ஆண்டர்சன் விஷயத்துல எனக்கு இன்னும் கோவம் இருக்கு.

[9:15] தங்கச்சி: அப்பா டைப் பண்ணிட்டாரு!!!!

[9:21] அப்பா: 41 வயசு. இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர். 704 டெஸ்ட் விக்கெட். வேகப்பந்துல வேற யாரும் 700ஐ எட்டினதில்ல. பந்து போட முடியலன்னு யாரும் சொல்லல. ஆஸ்திரேலியாவோட ஆடற அடுத்த ஆஷஸ் தொடருக்கு அணியைத் தயார் பண்ணணும், நீங்க போதும்னு சொன்னாங்க. கடைசி டெஸ்ட் 2024 ஜூலை, லார்ட்ஸ். அதுலயும் நாலு விக்கெட்.

[9:24] அப்பா: எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. புதுசா ஆள் வரணுமாம். அடுத்த வாரமே போன் பண்ணி அந்தக் கணக்கு எங்க இருக்குன்னு கேட்டாங்க.

[9:52] பெரியப்பா: நீ இதை எங்ககிட்ட சொன்னதே இல்லையேடா.

[9:53] அப்பா: 👍

[10:05] பெரியப்பா: சரி. காலையில நான் எழுதினதுல 'மரியாதையா விலகிக்கணும்'ங்கறதை மட்டும் வாபஸ் வாங்கறேன். எப்போ விலகறதுன்னு அவன் உடம்பு சொல்லட்டும், நான் சொல்ல வேணாம். ஆனா கிராண்ட் ஸ்லாம் ஜெயிக்க மாட்டான். அதுல மாத்தமில்ல.

[10:06] நான்: எழுதி வச்சுக்கறேன் பெரியப்பா

[மதியம் 1:18] சித்தி: டாக்டர் பார்த்தாச்சு. குதிகால் நாருக்கு ஒண்ணும் இல்ல. கெண்டைச் சதையில கிழிசல். ஆறு வாரம் ஷட்டில் மட்டையைத் தொடக் கூடாதாம்.

[1:19] அத்தை: ஆறு வாரம் முடிஞ்சதும் நேரா கோர்ட்டுக்குப் போகாதே. முதல்ல என்கிட்ட வா. படிக்கட்டு ஓரத்துல நின்னு குதிகாலை மெதுவா ஏத்தி இறக்கறதுதான் பாடம். ரெண்டு கால்ல சரியா வந்தாத்தான் ஒத்தைக் கால்.

[1:25] சித்தப்பா: லார்ட்ஸ்ல சதம் அடிச்சுட்டு பாகிஸ்தான் கேப்டன் மிஸ்பா 42 வயசுல தண்டால் எடுத்தாரு தெரியுமா அக்கா

[1:25] அத்தை: அவரு அதுக்கு முன்னாடி வார்ம் அப் பண்ணியிருப்பாருடா

[1:31] பெரியப்பா: அதெல்லாம் விடு. அந்த டிராப்பை எடுத்தியா இல்லையா?

[1:32] சித்தப்பா: எடுத்தேன் அண்ணா. வலை மேல உரசிட்டு அந்தப் பக்கம் விழுந்துச்சு. பையன் நின்ன இடத்துலயே நின்னான்.

[1:32] சித்தப்பா: பாயிண்ட் எனக்குத்தான்.

[1:33] அப்பா: 👍