அம்பாசடர் எஸ்.யூ. கார்புரேட்டருக்கு புஷ் (தேய்ந்த துளைக்குள் இறக்கும் உலோக வளையம்) போட்டுத் தருபவர்கள் யாராவது உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய மார்க் 2 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்.யூ. (கம்பெனி பெயர்) கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்), நீடில், ஃப்ளோட் வால்வு, கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்'கென்று விழுகிறது, ஜெட் சென்டரும் சரி. அந்தப் பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டேம்பரில் 20 கிரேடு ஆயில்.

ஆனாலும் வண்டி சூடானதும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுவது) சீராக இல்லை. பிஸ்டனை லேசாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினாலே எஞ்சின் அணைகிறது. அதாவது கலவை லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்). ஜெட் நட்டை இறக்கினால் ஐடிலிங் சரியாகிறது, ஆனால் ஓட்டி வந்து பார்த்தால் பிளக் கரியாகி இருக்கிறது, அதாவது பெட்ரோல் அதிகம். த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு) முனையில் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் ஆர்பிஎம் மாறுகிறது. ஸ்பிண்டிலைக் கையால் ஆட்டினாலே ஆட்டம் தெரிகிறது. காற்று அங்கேதான் புகுகிறது என்று நினைக்கிறேன்.

மெக்கானிக், "வேறு கார்புரேட்டர் மாட்டிடலாம் சார்" என்கிறார். எனக்கு மனசில்லை. கார்புரேட்டர் பாடியை ரீமர் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டுப் பித்தளை புஷ் இறக்கித் தரும் லேத் பட்டறை கோவை, திருப்பூர் பக்கம் தெரியுமா? ஸ்பிண்டில் மட்டும் மாற்றினால் போதுமா? சென்னை புதுப்பேட்டையில் நல்ல பழைய பாடி கிடைத்தாலும் சொல்லுங்கள்.