இன்சைடு கேபின்ல இருந்து அப்கிரேடு: ஓஷன் வியூவா, பால்கனியா, சும்மா இருந்துடலாமா?

ஜன்னல்சீட்டு:
மக்களே ஒரு குழப்பம். ராயல் கரீபியன்ங்கற சுற்றுலாக் கப்பல் கம்பெனில ஒயாசிஸ் கிளாஸ்னு ரொம்பப் பெரிய கப்பல் வகைல ஒண்ணு புக் பண்ணிருக்கோம், நான், வீட்டுக்காரர், மாமியார் மூணு பேரும் ஒரே ரூம். இன்சைடு கேபின்தான், அதாவது ஜன்னலே இல்லாத உள் ரூம், ஆனா பத்தாவது டெக் (மாடி), கப்பலுக்கு நடுவுல, லிஃப்ட்ல இருந்து நாலு எட்டு வச்சா ரூம், அப்படி தேடி எடுத்தது. இப்ப ராயல்அப்னு மெயில் வந்திருக்கு, ஓஷன் வியூ (கடல் பக்கம் ஜன்னல் வச்ச ரூம்), பால்கனி, ஜூனியர் சூட் எதுக்கு வேணா பிட் போடுங்க, அதாவது ஏலம் மாதிரி உங்க தொகைய சொல்லிக் கேளுங்கன்னு. மாமியாருக்கு பஸ்ல ஏறினாலே தலை சுத்தும், முட்டி வலி வேற. இவர் பால்கனிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார், எனக்கு ஜன்னல் இருந்தா போதாதான்னு தோணுது, ஓஷன் வியூக்கு கம்மியா போட்டுட்டு மிச்சத்த வெளிய சுத்திப் பார்க்க வச்சுக்கலாமே. அப்புறம் பிட் தொகை ஒரு ஆளுக்குன்னு போட்டிருக்கான், மூணால பெருக்கணுமா? போய்ட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

நங்கூரம்:
காசு கணக்கு முதல்ல. பிட் தொகை ஒரு ஆளுக்குதான், ஆனா ரூம்ல முதல் ரெண்டு பேருக்கு மட்டும்தான் பிடிப்பாங்க, மூணாவது ஆளுக்கு இல்ல. தனியா போறவங்கதான் பாவம், ஒரே ஆள் ரெண்டு பேர் காசு கட்டணும். அது ஒரு நாளைக்கு இல்ல, முழு பயணத்துக்கும் சேர்த்து. அவங்க ஏத்துக்கிற வரைக்கும் தொகைய மாத்தலாம், வாபஸும் வாங்கலாம், ஏத்துக்கிட்டா கார்டுல காசு போயிடும், அப்புறம் வேணாம்னு சொல்ல முடியாது.

ஆனா உங்க கேஸ்ல காசு ரெண்டாவதுங்க. பிட் ஜெயிச்சா ரூம் நம்பர நீங்க எடுக்க முடியாது, அந்த வகைல எது காலியோ அத தூக்கிக் குடுப்பாங்க, நடுக்கப்பல் லிஃப்ட் பக்கம் எல்லாம் அதோட போச்சு. கப்பல் முன்னும் பின்னுமா ஆடும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது, மூக்கும் வாலும்தான் ஏறி இறங்கும், மேல் டெக்குக்கு போகப் போக பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஸ்டெபிலைசர்னு ஆட்டத்த குறைக்கற சாதனம் இருக்கேன்னு சொல்வாங்க, அது பக்கவாட்டு ஆட்டத்ததான் அடக்கும், மூக்கு ஏறி இறங்கறத அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. தலை சுத்துறவங்கள மேல் டெக் மூக்குல பால்கனியோட உக்கார வச்சா என்ன பிரயோஜனம்.

தூக்கம்வரல:
நங்கூரம் சொல்றது சரி, ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். குமட்டல் வரவங்களுக்கு தொடுவானத்த பார்த்துட்டு காத்துல உக்காந்தா நல்லாவே அடங்கும், இன்சைடுல கதவ சாத்திட்டா அதுக்கு வழியே இல்ல, மேல ஓப்பன் டெக் வரைக்கும் நடந்து போகணும், முட்டி வலிக்கு அதுவும் கஷ்டம். ஆனா கடல் பார்த்த பால்கனியா இருக்கணும்! ஒயாசிஸ் கிளாஸ்ல சென்ட்ரல் பார்க், போர்டுவாக்னு ரெண்டு வகை பால்கனி கப்பலுக்கு உள்பக்கமா பார்க்கும். சென்ட்ரல் பார்க்ல செடி கொடியும் எதிர் ரூம் பால்கனியும்தான் தெரியும், போர்டுவாக்ல கீழ மெர்ரி கோ ரவுண்டு, பின்னாடி அக்வா தியேட்டர், ராத்திரி ஷோ இருந்தா சத்தம் மேல வரும். பால்கனின்ற வார்த்தைய மட்டும் பார்த்துட்டு பிட் போட்டுடாதீங்க, வகையோட முழுப் பேரையும் படிங்க.

ஓஷன் வியூ பத்தி யாரும் பேசல, நானே சொல்றேன், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஜன்னல் திறக்காது, வெளிக்கண்ணாடில உப்பு படிஞ்சு கெடக்கும், அந்த சைஸ் கப்பல்கள்ல அந்த ரூம்களே கொஞ்சம்தான், அதுலயும் நிறைய மூக்குப் பக்கம். வேற கப்பல்கள்லன்னா அப்ஸ்ட்ரக்டட்னு, பார்வைய மறைக்கற ரூம் ஒண்ணு இருக்கு, திரைய விலக்கினா எதிர்ல லைஃப்போட்டோட ஆரஞ்சு முதுகு. அதுக்கு இன்சைடே மேல், கும்மிருட்டுல தூக்கமாவது நல்லா வரும் (என் பேர பார்த்தா தெரியும், இதுல நான் அனுபவசாலி).

மொட்டைமாடி:
இன்னொண்ணு, மூணாவது படுக்கை. மூணு பேர் படுக்கற ரூமாதான் குடுப்பாங்க, ஆனா அது சோபா பெட்டா இல்ல சுவத்துலருந்து இறக்கற புல்மேன் பெட்டான்னு ரூமுக்கு ரூம் மாறும். புல்மேன்னா ஏணி ஏறணும், உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஏற ரெடியான்னு இப்பவே பேசி முடிச்சுக்கோங்க.

பிட் போடறதுக்கு முன்னாடி பால்கனிக்கு நேரா மாத்தினா எவ்வளவு ஆகும்னு போன் பண்ணி கேட்டீங்களா? வித்தியாசம் பிட் தொகைக்கு பக்கத்துல இருந்தா அதையே கட்டிடலாம், ரூம் நம்பரும் உங்க கைல. டெக் பிளான்ல மேலயும் கீழயும் ரூமே இருக்கற மாதிரி பார்த்து எடுங்க. நீச்சல் குளத்துக்கு நேர் கீழன்னா விடியக்காலைல நாற்காலிய தரதரன்னு இழுப்பான், கீழ் டெக்ல மூக்கு ஓரம்னா துறைமுகத்துல ஒதுங்கும்போது த்ரஸ்டர் (கப்பல பக்கவாட்டுல தள்ளற விசிறி) போட்டு கட்டிலே அதிரும். ரெண்டு ரூமுக்கு நடுவுல கதவு இருக்கறதும் வேணாம், பக்கத்து ரூம் சண்டை எல்லாம் வசனம் மாறாம கேக்கும்.

ஜன்னல்சீட்டு:
ஐயோ இவ்வளவு இருக்கா! எல்லாருக்கும் தேங்க்ஸ். போன் பண்ணி கேட்டேன், நேரா மாத்தறதுக்கும் ஜெயிக்க நல்ல வாய்ப்பு, ஸ்ட்ராங்னு ராயல்அப் பக்கத்துல மீட்டர் காட்டுற பிட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஒன்பதாவது டெக் நடுவுல கடல் பார்த்த பால்கனி ஒண்ணு காலியாம், சோபா பெட்டுதானாம். லிஃப்டுக்கு மட்டும் கொஞ்சம் நடக்கணும். மாமியார்கிட்ட கேட்டா எனக்கு எங்க போட்டாலும் சரின்னு சொல்லிட்டு, அந்தப் பால்கனில சேர் எத்தனைன்னு கேக்கறாங்க. நாளைக்கு காலைல கட்டிடலாம்னு இருக்கோம்.

நங்கூரம்:
நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே கட்டுங்க, போன்ல கேட்டதால அந்த ரூம உங்களுக்குன்னு பிடிச்சு வைக்க மாட்டாங்க. கட்டினதும் பெட்டில மாட்டற டேக்க திரும்ப பிரிண்ட் எடுங்க, பழசுல பழைய ரூம் நம்பர்தான் இருக்கும். சேர் வழக்கமா ரெண்டுதான், மூணாவது வேணும்னா ரூம் அட்டெண்டன்ட்கிட்ட முதல் நாளே கேட்டுப் பாருங்க.