விறகு அடுப்பின் வளைவில் சிமெண்ட் நிற்கவில்லை, ஹை அலுமினா சிமெண்டும் வெடித்துவிட்டது. உதவி தேவை

கேள்வி (தூத்துக்குடி, பேக்கரி):

வணக்கம். எங்களுடையது சிறிய பேக்கரி, மக்ரூன்தான் முக்கியச் சரக்கு. அப்பா காலத்தில் கட்டிய விறகு அடுப்பு. மேலே செங்கல் வளைவு, தளத்தில் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்). தணலை வாரி வெளியே எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டில்தான் மக்ரூனை வைப்போம். அந்தப் பதம் கேஸ் ஓவனில் எங்களுக்குக் கைவரவில்லை. அதனால் அடுப்பை இடிக்க மனமில்லை.

வளைவின் உச்சியில் இரண்டு இடத்தில் சாந்து உதிர்கிறது. ஓரிடத்தில் ஒன்றரைக் கல் அளவுக்குப் பள்ளம். கொத்தனார் முதலில் சாதாரணச் சிமெண்டும் ஆற்று மணலும் கலந்து அடியிலிருந்து பூசினார். மூன்று வாரம் தாங்கியது. பிறகு தட்டுகளின் மேலேயே விழுந்தது, அன்றைய சரக்கு முழுவதையும் கொட்டினோம். அடுத்து சூடு தாங்கும் ஹை அலுமினா சிமெண்ட் ஒரு மூட்டை வாங்கி, அதே மணலுடன் கலந்து பூசினோம். ஆர்டர் இருந்ததால் மறுநாள் காலையே முழு விறகு போட்டேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே பட்டாசு மாதிரி சத்தம். பாதி உரிந்துவிட்டது. மூட்டை போலியா, அல்லது செய்த முறை தவறா?

பதில் 1 (கோவை, வார்ப்படப் பட்டறை):

தம்பி, மூட்டை மேல் சந்தேகப்பட வேண்டாம். இருபது வருடமாக அலுமினிய உலைகளுக்கு உள்பூச்சு போடுகிறேன். நீங்கள் சொன்ன சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், அது நீராவி. பூச்சுக்குள் இருந்த தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் பூச்சைப் பிளந்துகொண்டுதான் வரும். எந்தக் கம்பெனிச் சிமெண்டானாலும் மறுநாளே முழு விறகு போட்டால் இதுதான் நடக்கும்.

முதல் பூச்சு விழுந்த காரணம் வேறு. சாதாரணச் சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உருவாகிறது. 400, 450 டிகிரி தாண்டினால் அது தண்ணீரை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அடுப்பு ஆறியதும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து உப்பும், பூச்சு பொடியாகும். கடற்கரை ஊரில் சொல்லவே வேண்டாம். ஹை அலுமினா சிமெண்டில் அந்தச் சுண்ணாம்பு கிடையாது. இது 1908-ல் பிரான்சில் காப்புரிமை பெற்ற சரக்கு. சல்ஃபேட் உப்பு உள்ள மண்ணில் கட்டடம் அரிக்காமல் இருக்கத்தான் முதலில் செய்தார்கள், உலைக்கு வந்தது பிறகு.

மணலும் ஒரு தவறு. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், 573 டிகிரியில் சட்டென்று உப்பும். பேக்கரி அடுப்பில் விறகு எரியும்போது உச்சி அந்தச் சூட்டைத் தொடக்கூடும். மணலுக்குப் பதில் ஃபயர் பிரிக்கை உடைத்த நொறுக்கு வேண்டும், பொடி முதல் 5 மி.மீ. வரை கலந்து. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு நொறுக்கு. கையில் கலக்கத் தயக்கமாக இருந்தால் சிமெண்டும் நொறுக்கும் முன்பே கலந்து வரும், தண்ணீர் மட்டும் சேர்க்கும் கேஸ்டபிள் மூட்டையே வாங்குங்கள். முதல் முறை செய்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும், உப்புத் தண்ணீர் கூடாது. சட்டியில் பழைய சிமெண்டோ சுண்ணாம்போ ஒட்டியிருந்தால் கலவை கையிலேயே இறுகிவிடும். பதம் பார்க்க, ஒரு உருண்டை பிடித்து ஒரு அடி உயரம் எறிந்து பிடியுங்கள். உடைந்தால் தண்ணீர் குறைவு, விரலிடுக்கில் வழிந்தால் அதிகம். கையுறை கட்டாயம், தோலை அரித்துவிடும். நொறுக்கு உடைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

அப்புறம், அரை அங்குலப் பூச்சாக அடியிலிருந்து அப்பாதீர்கள், தலைகீழாக ஒட்டிய மெல்லிய பூச்சு உரியத்தான் செய்யும். பள்ளத்தை நல்ல கல் தெரியும்வரை கொத்தி, குறைந்தது இரண்டு அங்குல ஆழம் எடுங்கள். ஓரங்களை மேலே போகப்போக அகலமாக வெட்டினால் கலவை தானாகவே பிடித்து நிற்கும். பழைய கல்லை நனைத்து, கீழே பலகை முட்டுக் கொடுத்து அடைத்துக் குத்துங்கள். 24 மணி நேரம் ஈரச் சாக்கு. இந்தச் சிமெண்ட் ஒரே நாளில் பெரும்பாலான பலத்தை எட்டிவிடும். ஆனால் அந்த நாளில் காய்ந்தால் மேற்பரப்பு மாவாக உதிரும்.

பதில் 2 (யாழ்ப்பாணம்):

இந்த அடுப்பை நாங்கள் போறணை என்று சொல்வோம். அடைக்கும் முன் ஒன்று பாருங்கள் தம்பி. அந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா? வாசலிலிருந்து பின்சுவர் வரை நீளமாக ஓடி, மாதாமாதம் அகலமானால் பக்கச் சுவர்கள் வெளியே சாய்கின்றன என்று அர்த்தம். அப்படியென்றால் எந்தச் சிமெண்டும் உதவாது, வெளியே இரும்புப் பட்டை கட்டி இறுக்க வேண்டும். ஆறும்போது தெரிந்து, சூடானதும் மூடிக்கொள்ளும் மயிரிழை வெடிப்பு எல்லாப் போறணையிலும் உண்டு, பயம் வேண்டாம்.

கேட்டவர்:

பார்த்தேன் ஐயா. நீள வெடிப்பு இல்லை. நூல் பிடித்ததில் சுவரும் நேராகத்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: பள்ளத்தைச் சுற்றிக் கல் இடுக்குகளிலும் சாந்து போயிருக்கிறது. அதற்கு ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) மட்டும் போதுமா?

பதில் 3 (விருதுநகர், அடுப்புக் கொத்தனார்):

எங்கள் அய்யா களிமண்ணில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து அடைப்பார். ரொட்டி அடுப்புக்கு அது பல வருடம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பதில் 1 (கோவை):

அண்ணாச்சி சொல்வது புதிதாகக் கட்டும்போது சரி. அங்கே கல்லோடு கல் நெருக்கி வளைவே சாந்தைப் பிடித்துக்கொள்ளும். உதிர்ந்த இடுக்கில் புதிதாகத் திணிப்பதற்குப் போதாது. வெறும் ஃபயர் கிளே கல்லோடு கல்லாக வேக 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அது எங்கள் உலையில் நடக்கும், பேக்கரி அடுப்பில் நடக்காது. சூடு எட்டாததால் மண்ணாகவே இருந்து தட்டில் உதிரும். சோடியம் சிலிகேட் கலந்த, காற்றில் இறுகும் ஃபயர் சாந்து என்று கேட்டு வாங்குங்கள்.

இனி பூச்சை மெதுவாகக் காயவைப்பதுதான் முக்கியம், இதில் அவசரப்பட்டால் மறுபடி சத்தம் கேட்கும். சாக்கை எடுத்தபின் மூன்று நாள் கதவைத் திறந்து போடுங்கள். நான்காம் நாள் கொஞ்சம் கரித்தணல் மட்டும், நாள் முழுக்க 110 டிகிரி அளவில். மறுநாள் மணிக்கு 25, 30 டிகிரிக்கு மேல் ஏறாமல் 300 வரை. அதற்கடுத்த நாள்தான் விறகு, அதுவும் மெதுவாக. புகைபோக்கி வாயில் குளிர்ந்த தகரத்தைக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் முத்துக் கோத்தால் ஈரம் இன்னும் வருகிறது, சூட்டை ஏற்றாதீர்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கடையை ஒன்பது நாள் மூடினோம். கேஸ்டபிளால் அடைத்து, இடுக்குகளைச் சாந்தால் நிரப்பினேன். 300-க்கு ஏற்றிய நாளின் மதியம் வரை தகரத்தில் முத்து நின்றது, அதனால் இன்னொரு நாள் கூடுதலாகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. பத்து நாளாக முழு விறகு எரிகிறது, தட்டில் ஒரு பொடி விழவில்லை. அடைத்த இடத்துக்கு நேர் கீழே உள்ள தட்டு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் நிறம் பிடிக்கிறது, பாதியில் திருப்பி வைக்கிறோம். பழைய ஹை அலுமினா மூட்டையில் பாதி மிச்சம், அதை வைத்திருக்கலாமா?

பதில் 1 (கோவை):

சந்தோஷம் தம்பி. கட்டி தட்டியிருந்தால் அடுப்பில் போடாதீர்கள். மாவாக இருந்தால் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.