தும்புத்தடியும் ஒரு தோட்டுச் சுரையும்

எதற்கெடுத்தாலும் "கர்த்தர் இதில் எனக்கு ஒரு பாடம் வைத்தார்" என்று சொல்கிற ஆள் நானில்லை. பஸ் தவறினால் பஸ் தவறியதுதான். ஆனால் இது ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, எழுதிவிடுகிறேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, காஸும் இல்லை, மண்ணெண்ணெய் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு முகம் கழுவினால் இடது காதுத் தோடு கையோடு வந்துவிட்டது, பின்னால் திருகுகிற சுரையைக் காணோம். அம்மா கல்யாணத்துக்குப் போட்ட தோடு. அந்தப் பழைய மரைக்கு வேறு சுரை பொருந்தாது.

மிளகளவுகூட இல்லாத சாமான். ஒரு கையில் மெழுகுதிரி, மறு கையில் தும்புத்தடி, குசினியிலிருந்து அங்குலம் அங்குலமாகக் கூட்டினேன். காய்ந்த கறிவேப்பிலை வந்தது, ரப்பர் பாண்ட் வந்தது, தொலைத்துவிட்டான் என்று மகனை நான் ஏசிய அழிரப்பரும் வந்தது (அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை). முழங்கால் நோக நோகத்தான் வேதத்தில் லூக்கா 15ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. தொலைந்த ஆடு, பத்தில் தொலைந்த ஒரு வெள்ளிக்காசு, வீட்டைவிட்டுப் போன இளைய மகன் என்று இயேசு சொன்ன மூன்று கதை. ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பன் கர்த்தர், ஓடிவந்து மகனைக் கட்டிப்பிடிக்கிற தகப்பனும் அவர்தான், சரி, அப்போ நடுவில் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிற பொம்பிளை யார்? அவளும் அவர்தானே! இத்தனை வருஷம் நான் கேட்ட பிரசங்கங்களில் அந்த இடம் வந்தால் ஒரு வசனத்தில் தாண்டிவிடுவார்கள். அந்தக் காசு ஒரு கூலியாளின் நாட்சம்பளம் அளவு, பத்தில் ஒன்றுதானே என்று விட்டுவிடக்கூடிய வீடில்லை அது. தேடுகிறவருக்கு மூக்கில் தூசி ஏறும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

எதிர்வீட்டு ராத்தா போன் டோர்ச்சோடு வந்தார். என்னிடமிருந்த தும்புத்தடியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க" என்றார். சுரை தும்புக்குள்ளேயே சிக்கியிருந்தது! அரை மணித்தியாலமாக அதை வைத்துக்கொண்டே அதைத் தேடியிருக்கிறேன். இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்ததில் கீழ்வீட்டு அக்காவும் ஏறி வந்துவிட்டார், பிளேன்டீ போட்டேன். பிறகு வேதத்தை எடுத்துப் பார்த்தேன், காசு கிடைத்ததும் அவள் கூப்பிடுவது சிநேகிதிகளையும் அயல்வீட்டுக்காரிகளையும்தான்.

*

அக்கா, வாசித்துச் சிரித்தேன். என்னுடையது சின்னக் கதை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனவள் நான். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே வெடித்த குண்டுக்குப் பிறகு, ஜூனில் கோயில் திறந்தும் எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் போன அன்று கை நடுங்கி மூன்று நெருப்புக்குச்சியும் அணைந்துவிட்டன. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர், மணிக்கட்டில் பௌத்தர்கள் கட்டுகிற பிரித் நூல் கட்டியிருந்தார், ஒன்றும் பேசாமல் தன் மெழுகுதிரியைச் சாய்த்து என்னுடையதைக் கொளுத்திவிட்டார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்போம். நான் எதையும் தொலைத்ததாக அவரிடம் சொல்லவே இல்லை, அக்கா.

*

தங்கச்சி, நாங்கள் மெதடிஸ்ட், அந்தோனியாரை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்குப் போவீர்கள்? நானும் வருகிறேன்.