டிசம்பரில் பர்மிங்ஹாம்: ஹீத்ரோவுக்கு நேர் விமானமா, துபாய் வழியா? அம்மாவுக்கு 71 வயது

ஈசூன்_குமரன்:
டிசம்பர் பள்ளி விடுமுறையில் பர்மிங்ஹாமில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தனியாகவே தேக்கா சந்தைக்குப் போய் மீன் பேரம் பேசி வாங்கி வருகிற ஆள். எல்லாருக்கும் எகானமிதான், அதற்கு மேல் பேச்சே இல்லை.

இரண்டு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, இரவு பதினொன்றரைக்கு சிங்கப்பூர் சாங்கியில் ஏறினால் லண்டன் ஹீத்ரோவுக்கு நேராக, சுமார் 14 மணி நேரம், விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி அங்கிருந்து கோச். இன்னொன்று, நள்ளிரவு தாண்டி 1:40க்கு ஏறி, துபாயில் இரண்டரை மணி நேரம் டிரான்சிட், பகல் பதினொன்றரை வாக்கில் பர்மிங்ஹாமிலேயே இறக்கிவிடுகிறார்கள். இதில் தலைக்கு 430 சிங்கப்பூர் வெள்ளி குறைவு, ஐந்து பேருக்கு 2,150. மனைவி நேர் விமானம்தான் என்கிறார், நான் துபாய் என்கிறேன், அம்மா “எதில் ஏற்றினாலும் சரி, காசைக் கரியாக்காதே” என்கிறார். சண்டை போடாமல் ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்படி ஒரு கேள்வியைப் போட்டிருக்கிறீர்களே அண்ணா.

அண்ணி சொல்வதுதான் சரி. மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே கணக்குப் போட்டு, 400 வெள்ளி மிச்சம் என்று மாமியாரையும் நாலு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு டிரான்சிட் வழியாகப் போனேன். எந்த ஊர், எந்த விமானம் என்பதெல்லாம் வேண்டாம். பையன் முதல் விமானத்தில் தூங்கவே இல்லை, இறங்குவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது தூங்கிப்போனான். நம் ஊர்க் கணக்கில் அது காலை நாலரை மணி. ஸ்ட்ரோலர் கேட் வாசலில் கிடைக்காது, கடைசி ஊரில்தான் வரும் என்றுவிட்டார்கள். 17 கிலோ பிள்ளை ஒரு தோளில், பை இன்னொரு தோளில், மாமியார் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், போதாததற்கு மறுபடியும் செக்யூரிட்டி. சாங்கியில் எப்படியோ கண்ணில் படாமல் தப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அவர் அழவில்லை. ஆனால் லண்டன் போய்ச் சேரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மூட்டைமுடிச்சு:
ஊறுகாயை லக்கேஜில் போட்டிருந்தால் கதை முடிந்தது. அதற்கு டிரான்சிட்டைக் குறை சொன்னால் எப்படி லா.

குமரன் ப்ரோ, நேர் விமானம், நேர் விமானம் என்கிறார்களே, அது ஹீத்ரோவுக்குத்தான் நேர், உங்கள் தம்பி வீட்டுக்கு இல்லை. டிசம்பரில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும். அந்த இருட்டில், குளிரில், அம்மாவையும் பிள்ளைகளையும் கோச் நிற்கிற இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம். அதுவும் ஒரு டிரான்சிட்தானே, பெயர்தான் வேறு. துபாய் டிரான்சிட்டிலாவது உள்ளேயே வெதுவெதுப்பாக இருக்கும், கழிவறை பக்கத்தில் இருக்கும், பெட்டியை நீங்கள் தொடவே வேண்டாம். கோச் டிக்கெட் காசையும் அந்த 2,150இல் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்:
தம்பி காரில் வந்து கூட்டிப்போக மாட்டாரா என்ன? சொந்த அம்மா வருகிறார்.

அப்புறம், மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரரே, சீட்டைப் பார்த்தீர்களா? போயிங் 777 என்றால், துபாய் வழியாக விடுகிற எமிரேட்ஸில் எகானமி வரிசைக்குப் பத்து சீட், 3-4-3. எஸ்ஐஏ, அதாவது நம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதே 777-300ஈஆரில் 3-3-3, ஒன்பதுதான் போட்டிருக்கிறது. விமானத்தின் அகலம் ஒன்றுதான். பத்தாவது ஆளுக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் இடுப்பிலிருந்தும் முழங்கையிலிருந்தும்தான் வருகிறது.

மூட்டைமுடிச்சு:
777க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏர்பஸ் ஏ380இல் 3-4-3 என்பது வேறு, அதன் உடம்பே அகலம், பத்துப் பேரும் மூச்சு விடலாம். எந்தப் பாதிக்கு எந்த விமானம் என்று டிக்கெட் போடும்போதே தெரியும், பார்த்துப் போட்டால் போயிற்று.

இன்னொன்று சொல்கிறேன். எஸ்ஐஏ இங்கிருந்து அமெரிக்காவின் நியூவார்க்குக்கு ஏ350-900யூஎல்ஆர் என்கிற நெடுந்தூர விமானம் விடுகிறது, 18 மணி நேரத்துக்கு மேல். அதில் 161 சீட், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. எகானமி ஒன்றுகூடக் கிடையாது. அத்தனை நேரம் எகானமியில் மனுஷன் உட்கார முடியாது என்று விமானம் ஓட்டுகிறவனுக்கே தெரிந்திருக்கிறது, ஜன்னலோரம் அக்காவுக்குத்தான் தெரியவில்லை.

ஜன்னலோரம்:
அது எடைக் கணக்கு, இரக்கக் கணக்கு இல்லை. அவ்வளவு எரிபொருளைச் சுமந்துகொண்டு நிறைய ஆளையும் ஏற்ற முடியாது, ஏறுகிற கொஞ்சம் பேரிடம் கூடுதலாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 2018 மார்ச்சிலிருந்து பெர்த்துக்கும் லண்டனுக்கும் 17 மணி நேரம் நிற்காமல் விடுகிறது, எகானமியோடுதான். ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 14 மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

பெடோக்_தாத்தா:
நானும் எழுபதைத் தாண்டியவன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். 71 வயது என்று கேட்டதும் அந்த அம்மாவை உடைகிற சாமான் என்று ஒட்டிய பார்சல் மாதிரிப் பேசுகிறீர்கள் எல்லாரும். மீன் பேரம் பேசுகிறவருக்கு டிரான்சிட் ஒரு பொருட்டா?

1978இல் பாய லேபாரில் இருந்த பழைய விமான நிலையத்திலிருந்து நான் முதல்முறை லண்டன் போனேன். சாங்கி விமான நிலையம் வந்ததே 1981இல். அந்தக் காலத்தில் நின்று நின்றுதான் போகும், யாரும் அதைக் கஷ்டம் என்று சொன்னதில்லை. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டே சிங்கப்பூர் லண்டன் ஓடிய கொஞ்ச காலத்தில் பஹ்ரைனில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போயிற்று.

இப்போது மகளைப் பார்க்க நேர் விமானத்தில்தான் போய் வருகிறோம், மகள் போட்டுக் கொடுக்கிற டிக்கெட். ஏழெட்டு மணி நேரத்துக்குமேல் என் முழங்கால் பூட்டிக்கொள்கிறது. கடைசி நாலு மணி நேரம் பின்னால் சாப்பாட்டு வண்டி வைக்கிற இடத்தில் நின்றுகொண்டே போவேன், அந்தப் பிள்ளைகள் பாவம், என்னைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். என் வீட்டுக்காரி கதை இன்னும் மோசம். நடு சீட்டில் மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் தூங்குகிற வெள்ளைக்காரனை எழுப்பக் கூச்சம், அதனால் கழிவறை போகக் கூடாது, அதனால் தண்ணீரே குடிக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். 14 மணி நேரத்தில் அவள் குடித்தது ஒரே ஒரு குட்டிக் கப் ஆரஞ்சு ஜூஸ். ஹீத்ரோவில் செருப்பில் கால் நுழையவில்லை. மகள் வந்து பார்க்கும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு நிற்கிறாள்.

வார்டு_அக்கா:
தாத்தா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நான் நர்ஸ், அதனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 4 மணி நேரத்துக்குமேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறைகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றார்கள். பயந்துவிடாதீர்கள், இரண்டு மடங்கானாலும் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். கவனிக்க வேண்டியது வேறு. விமானம் மட்டும் என்றில்லை, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அடுத்தடுத்து விமானம் ஏறினாலும் ஆபத்து கூடும். ஆக, ‘துபாயில் இறங்கிவிட்டோம், கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்’ என்று மூட்டைமுடிச்சு நினைக்கக் கூடாது, ‘நேராகப் போய்விட்டோம்’ என்று அந்த இரண்டரை மணி நேரக் கோச்சை ஜன்னலோரம் மறக்கவும் கூடாது.

அம்மாவுக்கு ஓரச் சீட் கட்டாயம், யாரையும் எழுப்பாமல் எழுந்திருக்க வேண்டும். விமானத்துக்குள் காற்று ரொம்ப உலர்ந்தது, ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும், தாகம் தெரியாமலே உடம்பு வறண்டுவிடும். ஆஸ்பிரின் போட்டால் இரத்தம் உறையாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இறுக்கமான காலுறை வேண்டுமா என்பதையும், நேரம் மாறும்போது பிரஷர் மாத்திரையை எப்போது போடுவது என்பதையும் பாலிகிளினிக்கில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில், பெட்டியில் இல்லை.

டெர்மினல்_மூன்று:
பதினோரு வருடம் சாங்கியில் தரைப்பணி பார்த்தவன். இரண்டு பக்கமும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போடுகிறீர்கள். விமான நேரத்தைப் பார்க்காதீர்கள், வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு என்று பாருங்கள்.

நேர் விமானம்: ஈசூனில் இரவு 8 மணிக்குக் கதவைப் பூட்டினால், தம்பி வீட்டுக் கதவு திறக்கும்போது அங்கே காலை 11, நமக்கு இரவு 7. மொத்தம் 23 மணி நேரம். துபாய்: இரவு 10க்குப் பூட்டினால் அங்கே பகல் பன்னிரண்டே முக்கால், நமக்கு இரவு எட்டே முக்கால். 22 மணி நேரம் 45 நிமிடம். நீங்கள் ரெண்டு பேரும் அடித்துக்கொள்வது கால் மணி நேரத்துக்கு.

துபாய் என்றால் மூன்று விஷயம். முதலாவது, இரண்டு விமானமும் ஒரே டிக்கெட் எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு, பெட்டியும் பர்மிங்ஹாம் வரை டேக் ஆகும். தனித்தனியாக வாங்கினால் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். இரண்டாவது, அம்மாவுக்கு வீல்சேர் இப்போதே பதிந்துவிடுங்கள். அங்கே நடக்க வேண்டிய தூரம் அதிகம், ஏ380 நிற்கிற கான்கோர்ஸுக்கு (விமானம் ஏறுகிற கட்டடம்) விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏறிப் போக வேண்டியும் வரலாம். ஆனால் வீல்சேர் ஆட்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள். அதனால் இரண்டரை மணி நேரம் என்பது போதும், அதற்குக் கீழே போகாதீர்கள். மூன்றாவது, திரும்பி வரும்போது. பிரிட்டனிலிருந்து கிளம்புகிற எந்த விமான நிறுவனமானாலும் அந்த நாட்டுச் சட்டத்துக்குள் வரும். ஒரே டிக்கெட்டில் வந்து, அவர்கள் தவறால் கனெக்‌ஷனைக் கோட்டைவிட்டு சிங்கப்பூருக்குப் பல மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தால், தலைக்கு 520 பவுண்டு வரை கேட்கலாம். இங்கிருந்து போகும்போது துபாய் வழியில் அது கிடையாது.

ஜன்னலோரம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பெட்டி கைமாறுகிற இடம் கூடினால் தொலைகிற இடமும் கூடும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி தொலைந்தால் இழப்பீட்டு உச்சவரம்பு தலைக்கு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் கணக்கு அலகு), நம் காசுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. நகை, மாத்திரை, எல்லாருக்கும் ஒரு செட் துணி, குளிர்ச்சட்டை, இதெல்லாம் கையில்.

மூட்டைமுடிச்சு:
தனித்தனி டிக்கெட் விஷயத்தில் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். ஒருமுறை 90 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், அடுத்த விமானம் என் கண்ணெதிரே பின்னால் நகர்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். புது டிக்கெட் 700. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

ஜன்னலோரம்:
ஹாஹா, இப்போது தெரிகிறது யார் கெட்டிக்காரர் என்று.

கால் மணி நேரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், டெர்மினல் அண்ணா. ஆனால் அந்த 23 மணி நேரத்தில் தூங்குகிற நேரம் எது என்று கணக்கில் வரவில்லையே. பதினொன்றரைக்கு ஏறினால் பிள்ளைகள் ஏழெட்டு மணி நேரம் ஒரே தூக்கம் போடும். 1:40க்கு என்றால் ஐந்து வயதுப் பிள்ளை கேட் வாசலிலேயே சிணுங்க ஆரம்பித்துவிடும், ஏறித் தூங்கினால் ஐந்தாறு மணி நேரத்தில் எழுப்பி நடக்கவைக்க வேண்டும். பெரியவர்களுக்கு நடை நல்லது, சரி. தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை யார் தூக்குவது? குமரன் அண்ணாவா, ‘2,150இல் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போன மூட்டைமுடிச்சு ப்ரோவா?

ஈசூன்_குமரன்:
நான்தான் தூக்க வேண்டும், வேறு யார்.

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தம்பியிடமும் கேட்டேன், அவனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட், ஹீத்ரோவுக்குக் காரில் வர முடியாது என்கிறான். அதோடு மனைவி கொஞ்சம் இறங்கிவந்தார், முழுக்க இல்லை. தாத்தா சொன்ன செருப்புக் கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது, ஏனென்றால் எங்கள் அம்மாவும் பஸ்ஸில் மலாக்கா போகும்போதே முதல் நாளிலிருந்து தண்ணீரைக் குறைப்பவர்.

துபாய் வழியாகப் போட்டாயிற்று, ஒரே டிக்கெட். இரண்டு விமானத்திலும் நடுவில் இருக்கிற நாலு சீட்டில் ஒரு முனையில் அம்மா, அப்புறம் பிள்ளைகள், மறுமுனையில் மனைவி. நான் நடைவழிக்கு இந்தப் பக்கம், அம்மாவுக்கு நேர் எதிரே. மணிக்கொரு தடவை எழுப்பி நடக்கவைப்பது என் வேலை. வீல்சேரும் பதிந்துவிட்டேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

டெர்மினல்_மூன்று:
சாங்கியில் வைத்துச் சொல்லுங்கள், அங்கே கோபப்பட நேரம் இருக்காது. ஈடிஏ, அதான் பிரிட்டனுக்குள் போக முன்கூட்டியே வாங்குகிற மின்னணு அனுமதி, எடுத்தாயிற்றா? 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக.

ஈசூன்_குமரன்:
பிள்ளைகளுக்கு எடுக்கவில்லை! இப்போதே பார்க்கிறேன்.

ஜன்னலோரம்:
அம்மா ஊறுகாய் எடுத்து வருகிறாரா?

ஈசூன்_குமரன்:
மாவடு, இரண்டு பாட்டில். நெய்யும் பால்கோவாவும் வேறு எடுத்து வைத்திருக்கிறார்.

பெடோக்_தாத்தா:
நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள் தம்பி, நம் ஊரிலிருந்து பால் பொருள் எதுவும் அங்கே உள்ளே விட மாட்டார்கள். மாவடுவை இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, பெரிய பெட்டியில், துண்டுக்கு நடுவில் வையுங்கள்.