எட்டாவது படித்த தம்பியை விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்பலாமா?

பாலக்கோடு அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது, படிப்பு எட்டாவதோடு சரி. ஓசூரில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறான். துபாயில் வேலை இருக்கிறது, மாதம் 1,500 திர்ஹாம், ரூம் கம்பெனி கொடுத்துவிடும் என்று பக்கத்து ஊர் ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். மொத்தம் ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் 60 நாள் விசிட் விசாவில் போகட்டும், அங்கே போன பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கம்பெனி பெயரைக் கேட்டால் "விசா வரும்போது தெரியும்மா" என்று பேச்சை மாற்றுகிறார். அட்வான்ஸ் 20,000 இந்த வாரமே வேண்டுமாம். தக்காளி விலை விழுந்து கையில் ஒன்றும் இல்லை. அப்பா மாந்தோப்பில் பாதியைப் போக்கியத்துக்கு விடலாமா என்று கேட்கிறார். தம்பி கிளம்பத் துடிக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை பைப் ஃபிட்டர்:
அம்மா, தோப்பில் கை வைக்க வேண்டாம். அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம். சவூதியில் ஜுபைலிலும் அமீரகத்தில் ருவைஸிலும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்கள் தம்பி மாதிரிப் பிள்ளைகளைக் கேம்பில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்பி பத்தாவது முடிக்காததால் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில்தான் (எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு, அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு சரிபார்க்க வேண்டிய வகை) இருக்கும். அப்படிப்பட்டவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, இந்திய அரசின் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்ற அனுமதியை வாங்கியாக வேண்டும். கம்பெனி பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அதற்கான அரசு இணையதளமான இ-மைக்ரேட்டில் ஏறினால்தான் அது கிடைக்கும். சுற்றிப் பார்க்க விசிட் விசாவில் போகிறவருக்கு இந்தக் கிளியரன்ஸ் தேவையில்லை. ஏஜென்ட் அந்த வழியைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

அங்கே இறங்கிய பிறகு விசாவை மாற்ற முடியாது என்று நான் சொல்லவில்லை. மாற்ற ஒரு கம்பெனி முன்வர வேண்டுமே! அதுவரை விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டில் குற்றம். நாள் கடந்து தங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். சம்பளம் தராமல் இழுத்தடித்தாலும், நாமே சட்டத்துக்கு வெளியே நிற்கும்போது எந்தத் தைரியத்தில் புகார் கொடுப்பது?

ஒன்றரை லட்சமும் நியாயமான தொகை இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ஆக 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது. ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 வட்டிக்கே போய்விடும். இரண்டு வருடம் உழைத்தும் அசல் அப்படியே நிற்கிற வீடுகள் எங்கள் ஊர்ப் பக்கமே இருக்கின்றன.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் கேட்பதே இல்லை. 1,500-இல் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு? ஓவர்டைமும், வேலையை விடும்போது கடைசியில் வரும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம் கிராஜுவிட்டியாக வர வேண்டும். பேசிக் 600 என்று போட்டுவிட்டு மீதியை அலவன்ஸ் என்று காட்டினால் வருடத்துக்கு 420 திர்ஹாம்தான். 1,200 என்றால் 840. ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்கு 600 பேசிக்கில் சுமார் 3 திர்ஹாம், 1,200-இல் 6 திர்ஹாம். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நிற்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை. அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். அதைக் கையில் வாங்கி, தம்பியே வரி வரியாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

பாலக்கோடு அக்கா:
ரொம்ப நன்றி அண்ணா. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம், நீங்கள் சொன்ன மாதிரி இ.சி.ஆர்.தான். அப்பாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். அப்படியானால் தம்பி போகவே கூடாதா? "இங்கே வாங்குகிற கூலியில் எப்போது வீடு கட்டுவது" என்று அவன் கேட்கும்போது எனக்குப் பதில் இல்லை.

காவேரிப்பட்டணம் சகோதரி:
அக்கா, போகலாம், ஆனால் நேர்வழியில் போகட்டும். என் வீட்டுக்காரர் கத்தாரில் டிரைவர். அவரும் இ.சி.ஆர்.தான், கிளியரன்ஸோடு போனார். அதோடு பிரவாசி பாரதிய பீமா என்ற அரசுத் திட்டக் காப்பீடும் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் சுமார் 275 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். எழுதவே மனசு கூசுகிறது, இருந்தாலும் நாமினி பெயரைச் சரி பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் வாட்ஸ்ஆப் கால் போகாது, அங்கே பாட்டிம் (BOTIM) என்ற ஆப்தான். அது தெரியாமல் முதல் வாரம் வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ள அங்கே சட்டத்தில் இடமில்லை என்பதையும் தம்பிக்குச் சொல்லி அனுப்புங்கள். பிரச்சினை என்றால் இங்கிருந்தே இந்திய அரசின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதியலாம்.

ஊத்தங்கரை பைப் ஃபிட்டர்:
சகோதரி சொன்னது சரி. அம்மா, தம்பி இப்போது கேட், கிரில் வேலையா, பைப் வேலையா? கேட் வேலை என்றால் ஆறு மாதம் பொறுத்து 6ஜி வெல்டிங் பழகச் சொல்லுங்கள். பைப்பை 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, அதைத் திருப்பாமல் சுற்றிலும் வெல்டு போடுவது. டிக் (TIG), ஆர்க் என்ற இரண்டு வெல்டிங் முறையும் கை வர வேண்டும். ஓசூரில் பழக இடம் கிடைக்கும். சென்னையில் நடக்கும் டிரேடு டெஸ்ட் என்ற வேலைத் திறன் தேர்வில் அதைப் போட்டுக் காட்டுகிறவனுக்குச் சம்பளமே வேறு, சம்பளத்தைப் பேசி வாங்கவும் வாய் வரும்.

கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-இலிருந்து நடக்கிறது. தம்பி அங்கே பதிவு செய்யட்டும். அந்த ஏஜென்ட்டிடம் பதிவு எண்ணை மட்டும் கேளுங்கள். கொடுத்தால் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், தெரியாவிட்டால் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

பாலக்கோடு அக்கா:
கேட் வேலைதான் அண்ணா. பதிவு எண் கேட்டு இப்போதுதான் போன் செய்தேன், "நம்பிக்கை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று வைத்துவிட்டார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி ஊருக்கு வருகிறான், 6ஜி பற்றி உங்களிடம் அவனே கேட்பான்.